60 வயதுக்கு மேல், லைட்வெயிட் பிரிவில்: ரோஎர்க் மெஷினில் போட்டிப் பயிற்சி – நீண்டகால அனுபவப் பகிர்வு

உட்கார்ந்தபடி துடுப்புப் போடும் பயிற்சி மெஷினான கான்செப்ட்2 ரோஎர்க்கில் முதன்முறை உட்காரும் பலர், பக்கவாட்டு டேம்பர் நெம்புகோலை 10-இல் வைத்துத்தான் இழுக்கத் தொடங்குகிறார்கள். அறுபதைத் தாண்டிய, எடை குறைவான ஒருவர் அப்படியே மாதக்கணக்கில் தொடர்ந்தால் இடுப்போ விலா எலும்போ தாங்காது. இந்தக் குறிப்பு அப்படிப்பட்டவர்களுக்கானது: ஆண்கள் 75 கிலோ, பெண்கள் 61.5 கிலோ என்ற இண்டோர் லைட்வெயிட் வரம்புக்குள் இருப்பவர்கள், 2000 மீட்டர் போட்டியில் நல்ல நேரம் காட்ட நினைப்பவர்கள். இருபது வயது ஹெவிவெயிட் வீரருக்கு எழுதிய பயிற்சித் திட்டத்தை வேகத்தை மட்டும் குறைத்து இவர்களுக்குக் கொடுப்பது பயன்படாது. டிராக் (இழுப்புக்கான காற்றுத் தடை), ஸ்ட்ரோக் (ஒரு முழு இழுப்பு) வேகம், வாரத்தின் அமைப்பு, சாப்பாடு எல்லாமே வேறு.

டேம்பரில் இருந்தே தொடங்கலாம். அதிலுள்ள 1 முதல் 10 வரையான எண் எடையைக் குறிப்பதில்லை. மெஷினின் சக்கரமான ஃப்ளைவீல் இருக்கும் கூண்டுக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்பதை மட்டும் மாற்றுகிறது. ஃப்ளைவீல் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் நடுவே எவ்வளவு சீக்கிரம் வேகம் இழக்கிறது என்பதை பிஎம்5 மானிட்டர் அளந்து, ‘டிராக் ஃபேக்டர்’ என்ற எண்ணாகக் காட்டும். மெயின் மெனுவில் ‘மோர் ஆப்ஷன்ஸ்’, அதற்குள் ‘டிஸ்ப்ளே டிராக் ஃபேக்டர்’. பத்து ஸ்ட்ரோக் இழுத்தால் எண் நிலைத்து நிற்கும். சுத்தமான மெஷினில் டேம்பர் 4 அருகே 115, 120 என்று வரும். 10-இல் 200-ஐத் தாண்டலாம். கூண்டில் தூசி அடைத்த ஜிம் மெஷினில் அதே 4-க்கு 95தான் வரும். ஆகவே பயிற்சிக் குறிப்பேட்டில் நெம்புகோல் எண்ணை எழுதாமல் டிராக் ஃபேக்டரை எழுதுங்கள். போட்டி அரங்கில் தரப்படும் மெஷின் வேறாக இருக்கும். அங்கே இந்த எண் மட்டும்தான் கைகொடுக்கும்.

மூத்த லைட்வெயிட் ஆண்களுக்கு 110–125, பெண்களுக்கு 95–110 என்பது என் பரிந்துரை. டிராக்கைக் குறைத்தால் மெஷின் குறைவான வாட் கணக்குப் போட்டுவிடும் என்ற பயம் வேண்டாம்; மானிட்டர் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் உண்மையான டிராக்கை வைத்தே கணக்கிடுகிறது. டிராக் அதிகமானால் கால்கள் தள்ளத் தொடங்கும் கணத்தில் கைப்பிடி சேற்றில் புதைந்ததுபோல் கனக்கும். எடை குறைந்தவருக்கு அந்தக் கணத்தில் சீட் மட்டும் பின்னால் வழுக்கிப் போகும், கைப்பிடி அங்கேயே நிற்கும், பிறகு முதுகு தனியாக இழுத்து அதை மீட்கும். முதுகுவலி தொடங்குவது இங்கேதான். பக்கத்திலிருந்து ஒரு நிமிடம் வீடியோ எடுத்துப் பாருங்கள்: முதல் பாதித் தள்ளலில் சீட்டும் கைப்பிடியும் ஒரே அளவு நகர வேண்டும். நகரவில்லை என்றால் டிராக்கை 10 குறைத்து மறுபடி பாருங்கள்.

அடுத்து ஸ்ட்ரோக் ரேட். 500 மீட்டருக்கு 2:00 ஸ்பிளிட் (500 மீட்டர் கடக்க ஆகும் நேரம்) என்பது ஏறக்குறைய 202 வாட். அந்த வேகத்தில் 2000 மீட்டர் எட்டு நிமிடம். நிமிடத்துக்கு 26 ஸ்ட்ரோக்கில் இதைச் செய்தால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் 467 ஜூல் வேலை, 30-இல் செய்தால் 405, 32-இல் 380. பெரிய உடம்புக்காரர் 26-இல் நீளமாக இழுத்து ஜெயிப்பதைப் பார்த்து நாமும் அப்படிச் செய்யப் போனால் தொடைத் தசை ஆறாவது நிமிடத்தில் பூட்டிக்கொள்ளும். லைட்வெயிட் உடம்புக்கு 30–32 பொருந்தும். 30-இல் போனால் எட்டு நிமிடத்துக்கு 240 ஸ்ட்ரோக், ஒவ்வொன்றும் 8.3 மீட்டர். ஆனால் ரேட்டை ஏற்றும்போது ஸ்ட்ரோக் நீளம் சுருங்கக் கூடாது. சுருங்குகிறதா என்று அறிய எளிய வழி: 30-க்கு ஏறிய பிறகும் ஸ்பிளிட் முன்னேறவில்லை என்றால் சீட் நகரும் ரெயிலில் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

கணுக்கால் இறுகிப்போன வயதில் முன்னால் குனிந்து முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பைச் செங்குத்தாக்குவது கடினம். குதிகால் தாங்கியை ஒன்றிரண்டு துளை கீழே இறக்கினால் பாதம் தாழும், ஸ்ட்ராப் விரல்கள் பக்கம் போகும், இடுப்பை வளைக்க இடம் கிடைக்கும். ஸ்ட்ராப் பாதத்தின் அகலமான பகுதியைத் தாண்டி விரல் நுனிக்குப் போய்விட்டால் அளவு மீறிவிட்டது. சதை குறைந்தவர்களுக்கு அந்தக் கெட்டி சீட்டில் அரை மணிக்கு மேல் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். ஒரு சென்டிமீட்டர் ஃபோம் போதும். தடிமனான மெத்தை போட்டால் உட்காரும் உயரமே மாறி, போட்டியில் மெத்தை இல்லாதபோது ஸ்ட்ரோக் அந்நியமாகிவிடும்.

இனி பயிற்சி. 2000 மீட்டர் என்பது முக்கால் பங்கு ஆக்சிஜனை நம்பிய ஓட்டம். அதனால் பெரும்பகுதி மீட்டர்கள் மெதுவானவை, உண்மையாகவே மெதுவானவை. உங்கள் 2000 மீட்டர் வாட்டில் 57 முதல் 63 சதவீதம் வரை. 2:00 ஸ்பிளிட்காரருக்கு அது 2:20 முதல் 2:25 வரை, அதாவது 128 முதல் 115 வாட். ரேட் 18–20. முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்கு இதயத் துடிப்பு மணிக்கட்டுக் கடிகாரம் சொல்லும் மண்டலக் கணக்கெல்லாம் பொருந்தாது. இந்தப் பேச்சுச் சோதனைதான் நம்பகம். சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் மின்விசிறி இல்லாமல் 40 நிமிடம் போனால், அதே வாட்டுக்குத் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். மெஷினின் சக்கரம் கிளப்பும் காற்று உடம்பைக் குளிர்விக்காது. ஒரு பெடஸ்டல் ஃபேனை நெஞ்சுக்கு நேராக வையுங்கள்.

கடினமான நாட்கள் வாரத்துக்கு இரண்டு. மூன்று வைத்தால் இரண்டு மாதத்துக்குள் தூக்கம் கெட்டு வாட் இறங்கும். ஒன்று நீள இடைவெளி வகை: நாலு முறை 1000 மீட்டர், நடுவே ஐந்து நிமிட ஓய்வு, அல்லது எட்டு முறை 500 மீட்டர், மூன்றரை நிமிட ஓய்வு. இன்னொன்று அதைவிட மென்மையானது: மூன்று முறை பத்து நிமிடம், ரேட் 24, 2000 மீட்டர் ஸ்பிளிட்டோடு எட்டு பத்து வினாடி கூட்டிய வேகம். இரண்டுக்கும் நடுவே 72 மணி நேரம் விடுவது நல்லது. அந்த இடைவெளி ஏழு நாள் வாரத்தில் அடங்கவில்லை என்றால் வாரத்தையே பத்து நாளாக்கிக்கொள்ளலாம். நாள்காட்டியை விட உடம்பு மீண்டு வருவது முக்கியம். 65-க்கு மேல் அந்தப் பத்து நாள் சுழற்சி எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

500 மீட்டர் தொகுப்பில் அடிக்கடி நடக்கும் கோளாறு: முதல் இரண்டைப் பறந்து முடித்துவிட்டு, ஆறாவதிலிருந்து நாலு வினாடி சரிவது. முதல் ஏழையும் ஒரே ஸ்பிளிட்டில் வைத்து, எட்டாவதில் மட்டும் மீதமிருப்பதைக் கொடுங்கள். அடுத்த முறை அந்த எட்டின் சராசரியே ஏழுக்கும் இலக்கு.

எடைப் பயிற்சி வாரம் இருமுறை, கடின ரோயிங் நாளிலேயே, ரோயிங் முடிந்து சில மணி நேரம் கழித்து. அப்போதுதான் இலகு நாட்கள் இலகுவாகவே இருக்கும். ஸ்குவாட், ரொமேனியன் டெட்லிஃப்ட், குப்புறப் படுத்து இழுக்கும் பெஞ்ச் புல், பிளாங்க். மூன்று செட், ஆறு முதல் எட்டு முறை. வயதோடு தசை கரைவதால் இதை விட்டுவிட்டு வெறும் மீட்டர் சேர்ப்பவர்களின் ஸ்பிளிட் வருடா வருடம் நழுவும்.

விலா எலும்பு பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ரோயிங்கில் வரும் விலா அழுத்த முறிவு ஒரே நாளில் வருவதில்லை. விடுமுறைக்குப் பின் திடீரென மீட்டர்களை இரட்டிப்பாக்கும்போது, டிராக்கை ஏற்றும்போது வரும். பக்கவாட்டில் ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் வலி, இருமினால், படுக்கையில் புரண்டால் குத்துவது, இதுதான் அடையாளம். தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு தொடராதீர்கள். எலும்படர்த்தி குறைந்த பெண்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். வாராந்திர மீட்டரைப் பத்து சதவீதத்துக்குமேல் ஏற்றாமல் போவதுதான் பாதுகாப்பு.

எடை வரம்புக்கு வருவோம். தண்ணீரில் நடக்கும் ரோயிங்கில் லைட்வெயிட் வரம்பு வேறு: ஆண்களுக்கு 72.5, பெண்களுக்கு 59 கிலோ. 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்கில் நுழைந்த அந்தப் பிரிவு 2024 பாரிஸோடு விடைபெற்றது. இண்டோரில் அது நீடிப்பது எடை குறைந்தவர்களுக்குப் பெரிய நல்வாய்ப்பு. படகில் கனமான உடம்பு தண்ணீரில் அதிகம் அமிழ்ந்து தானே தண்டனை வாங்கும். தரையில் நிற்கும் மெஷினில் அந்தத் தண்டனை இல்லை. பிரிவு இல்லாவிட்டால் 70 கிலோக்காரர் 95 கிலோக்காரரோடு நேருக்கு நேர் மோதவேண்டியிருக்கும்.

நம் ஊர் உடல்வாகுக்கு 62, 65 கிலோவில் இருக்கும் ஆண்கள் ஏராளம். அவர்களுக்கு எடை குறைக்கும் பேச்சே வேண்டாம். வரம்புக்குள் இன்னும் பத்து கிலோ இடமிருக்கிறது, தசையாகச் சேர்க்கலாம். தினமும் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் புரதம், ஒரே வேளையில் குவிக்காமல் 25–30 கிராமாகப் பிரித்து. இரண்டு இட்லியும் சட்னியும் மட்டும் சாப்பிட்டால் அந்தக் காலை வேளை வீண். முட்டையோ, சுண்டலோ, பனீரோ கூடச் சேரவேண்டும்.

76, 77-இல் இருக்கும் ஆண்கள் ஆறு வாரம் முன்பே தொடங்கட்டும். தினம் 275 கலோரி குறைத்தால் வாரத்துக்குக் கால் கிலோ, ஆறு வாரத்தில் ஒன்றரை. கடைசி ஒன்றரை நாள் கீரை, பயறு, முழுதானியம் விலக்கித் தயிர் சாதம், வெள்ளை இட்லி என்று நார்ச்சத்துக் குறைந்ததாகச் சாப்பிட்டால் குடல் சுமை இறங்கி இன்னும் கொஞ்சம் குறையும். வியர்வை சூட், நீராவி அறை, தண்ணீர் நிறுத்தம் எதுவும் வேண்டாம். எடை பார்த்த பிறகு போட்டிக்குக் கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இழந்த நீரை ரத்தத்துக்குத் திருப்ப முடியாது; தாக உணர்வே மங்கிப்போன வயதில் அது ஆபத்தும்கூட. ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயாசைடு போன்ற நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப்பட்டியலில் இந்த டையூரெடிக் வகை எல்லா நேரத்திலும் தடை. ஊக்கமருந்துச் சோதனை விதிகள் பொருந்தும் போட்டி என்றால் மருத்துவரிடம் பேசி, முறையான மருத்துவ விலக்கு விண்ணப்பம் முன்கூட்டியே போகவேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

போட்டி நாளில் உடம்பு சூடாக 20 நிமிடம், நடுவே போட்டி வேகத்தில் பத்துப் பத்து ஸ்ட்ரோக்காக மூன்று முறை. வயது கூடக்கூட இந்தச் சூடேற்றம் நீளவேண்டும், குறையக் கூடாது. திரையில் ‘சிட் ரெடி’, ‘அட்டென்ஷன்’, ‘ரோ’ என்று வரும். அட்டென்ஷனுக்கு முன் ஃப்ளைவீல் முழுதாக நின்றிருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஃபால்ஸ் ஸ்டார்ட். முதல் ஐந்து ஸ்ட்ரோக் முக்கால், அரை, முக்கால், முழு, முழு நீளம். அதன்பின் பத்து ஸ்ட்ரோக்குக்குள் இலக்கு ஸ்பிளிட்டுக்கு வந்துவிடுங்கள். பதற்றத்தில் 2:00-க்குப் பதிலாக 1:54 காட்டும், உடம்புக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வாட் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால் அந்த ஆறு வினாடிக்கு 202 அல்ல, 236 வாட் செலவாகிறது. அதை 500 மீட்டர் தாங்கினால் மூன்றாவது 500-இல் பத்து வினாடியாகத் திருப்பிக் கொடுக்கவேண்டிவரும். 1200 மீட்டர் வரை இலக்கைவிட அரை வினாடி மெதுவாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கடைசி 300-இல் ரேட்டை இரண்டு இரண்டாக ஏற்றுங்கள்.

முடித்தவுடன் கைப்பிடியைப் போட்டுவிட்டு எழுந்திருக்காதீர்கள். கால்களில் தங்கிய ரத்தம் திரும்பும் முன் எழுந்தால் தலை சுற்றும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு மயக்கமே வரலாம். ஐந்து நிமிடமாவது மெதுவாக இழுத்துக்கொண்டிருங்கள்.

மெஷின் பராமரிப்பு குறைவுதான், ஆனால் விட்டுவிடக் கூடாது. ரெயிலை ஒவ்வொரு முறையும் துடைக்கவேண்டும். கருப்பாகப் படியும் அழுக்குதான் சீட்டைத் தடதடக்க வைக்கிறது. ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி 20டபிள்யூ மோட்டார் ஆயிலைக் காகிதத்தில் ஊற்றிச் செயின் முழுதும் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். டபிள்யூடி-40 வேண்டாம். கடலோர வீடுகளில் செயினை அதற்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடி முழுதாக உள்ளே இழுபடாமல் செயின் தொய்கிறது என்றால் உள்ளிருக்கும் ஷாக் கார்டை (மீள்கயிற்றை) இறுக்கும் நேரம். பழைய மாடல் டி (ரோஎர்க்கின் முந்தைய பெயர்) கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். பிஎம்3, பிஎம்4 மானிட்டர் இருந்தாலும் பிஎம்5 மாட்டிக்கொள்ளலாம். வாங்கும் முன் செயினை முழு நீளம் இழுத்து, மடங்காமல் விறைத்து நிற்கும் கண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஃப்ளைவீலைச் சுற்றிவிட்டு உரசல் சத்தம் கேட்கிறதா என்று காது வையுங்கள். பத்து ஸ்ட்ரோக் இழுத்து டிராக் ஃபேக்டரைப் பாருங்கள். டேம்பர் 10-இலும் 130-ஐத் தாண்டவில்லை என்றால் கூண்டைத் திறந்து தூசி உறிஞ்சவேண்டும். விலை பேச அதைச் சொல்லலாம்.