டெஸ்டுக்கு டெஸ்ட் தனி நெட்வொர்க்: லினக்ஸின் அன்ஷேர் எப்படி?

நெட்வொர்க்கைத் தொடும் ஒரு டெஸ்ட்: தனியாக ஓட்டினால் பாஸ், மற்ற டெஸ்டுகளோடு வரிசையில் ஓட்டினால் ஃபெயில். முந்தைய டெஸ்ட் விட்டுப்போன ஒரு ரூட்டோ (நெட்வொர்க் பாதை), விடாத ஒரு போர்ட்டோதான் பெரும்பாலும் காரணம். டியர்டவுனில், அதாவது டெஸ்ட் முடிந்ததும் ஓடும் துப்புரவு நிரலில், இவற்றை ஒவ்வொன்றாகத் துடைப்பதைவிட, ஒரு நிரலைத் தனிச் சூழலில் ஓட்டும் அன்ஷேர் கட்டளை நல்ல வழி. லினக்ஸின் அடிப்படைக் கருவிகள் அடங்கிய யூட்டில்-லினக்ஸ் தொகுப்பிலேயே வருகிறது.

டெஸ்ட் கட்டளைக்கு முன்னால் ‘அன்ஷேர் -ஆர் -என்’ என்று சேர்த்தால் போதும். என், புது நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் தரும்: கர்னல் பிரித்துக் காட்டும் தனி நெட்வொர்க் உலகம். ஆர், அதற்குள் மட்டும் செல்லுபடியாகும் ரூட் (நிர்வாகி) அதிகாரம் தரும். சுடோ தேவையில்லை. இன்டர்ஃபேஸ், ரூட்டிங் டேபிள், ஃபயர்வால் விதி எல்லாம் தனி. நான்கு டெஸ்டுகள் ஒரே நேரத்தில் 8080 போர்ட்டைப் பிடித்தாலும் மோதாது. உள்ளே இருக்கும் கடைசி பிராசஸ் முடிந்ததும் கர்னலே அத்தனையையும் கலைத்துவிடும், டெஸ்ட் பாதியில் செத்தாலும்கூட.

எல்லோரும் இடறும் முதல் கல் லூப்பேக், மெஷின் தன்னோடு தானே பேசும் இன்டர்ஃபேஸ். புது நேம்ஸ்பேஸில் அது இருக்கும், ஆனால் அணைந்திருக்கும். 127.0.0.1-ஐத் தொட்டாலே ‘நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்’ என்று வரும். முதல் வரியாக ‘ஐபி லிங்க் செட் எல்ஓ அப்’ ஓட்டுங்கள்.

ஆனால் சுவரில் ஓட்டைகள் உண்டு. டிஎன்எஸ் சர்வரின் முகவரி இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் வெறும் கோப்புதான், நெட்வொர்க்கோடு சேர்ந்து பிரியாது. பழைய டிஎன்எஸ் முகவரியே தெரியும். மாற்றவேண்டுமானால் கோப்பு மவுண்ட்டுகளைப் பிரிக்கும் மவுண்ட் நேம்ஸ்பேஸும் (-எம்) சேர்த்து, அதன்மேல் வேறு கோப்பை பைண்ட் மவுண்ட் செய்யவேண்டும். பிராக்ஸி சூழல் மாறிகள் அப்படியே உள்ளே வரும். கர்னல் தகவல் தரும் சிஸ் கோப்பகத்தில் இன்டர்ஃபேஸ் பட்டியலைப் படிக்கும் நிரல் வெளி மெஷினின் பட்டியலையே பார்க்கும். அதைப் புதிதாக மவுண்ட் செய்தால்தான் சரியாகும். ஒரே மெஷினின் நிரல்கள் பேசிக்கொள்ளும், கோப்புப் பாதை கொண்ட யூனிக்ஸ் சாக்கெட்டுகளுக்கும் தடை இல்லை, டாக்கர் சாக்கெட் உட்பட. இந்தக் கடைசி ஓட்டை சில சமயம் வரம்: உள்ளே யூஐடி 0 (ரூட் பயனர்) என்று தெரிவதால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வர் கிளம்ப மறுக்கும். அதை வெளியே ஓட்டி, சாக்கெட் கோப்பு வழியாக உள்ளிருந்து பேசலாம்.

உபுண்டு 24.04-இல் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு சாதாரணப் பயனருக்கு இந்த அன்ஷேரைத் தடுக்கும். கர்னல் அழைப்புகளை வடிகட்டும் டாக்கரின் இயல்பான செக்காம்ப் விதியும் அப்படியே. சிஐ (தானியங்கி டெஸ்ட் அமைப்பு) கன்டெய்னருக்குள் ஓட்டத் திட்டமிட்டால் இதை முதலில் சோதியுங்கள்.

பிரிப்பது பிராசஸ் அளவில்தான் என்பதும் முக்கியம். ஒரே பிராசஸில் 200 டெஸ்டுகள் ஓடினால் அவை தங்களுக்குள் பிரியாது. டெஸ்டுக்கு ஒரு ஃபோர்க், அதாவது பிரிந்த புதுப் பிராசஸ், வேண்டும். பைத்தான் 3.12-இல் ஓஎஸ் மாட்யூலுக்குள்ளேயே அன்ஷேர் வந்துவிட்டது. ஆனால் த்ரெட்டுகள் தொடங்கிய பிறகு யூசர் நேம்ஸ்பேஸ் (-ஆர் உருவாக்குவது) கேட்டால் கர்னல் மறுக்கும். ஃபோர்க் ஆன உடனே அழையுங்கள்.

கிளையண்ட், ரூட்டர், சர்வர் என்று பல கணுக்கள் வேண்டிய டெஸ்டுக்கு நேம்ஸ்பேஸுக்குப் பெயர் வைக்கும் ‘ஐபி நெட்என்எஸ்’ஸும், இரண்டை இணைக்கும் மெய்நிகர் கேபிளான வீத் ஜோடியும் வசதி. விலையும் உண்டு: பெயர் வைத்த நேம்ஸ்பேஸ் தானாகச் சாகாது, அழிக்க மறந்தால் தங்கிவிடும். இன்டர்ஃபேஸ் பெயர் 15 எழுத்தைத் தாண்டக்கூடாது என்பதால் டெஸ்ட் பெயரை அப்படியே வைக்க முடியாது. ஐபிவி6 முகவரி கொடுத்த கையோடு அதில் சாக்கெட்டை பைண்ட் செய்தால் தோற்கும்: அதே முகவரி வேறெங்கும் இருக்கிறதா என்று பார்க்கும் இரட்டை முகவரிச் சோதனை முடிந்திருக்காது. ஸ்லீப் போட்டுக் காத்திருக்காமல், அந்தச் சோதனையைத் தவிர்க்கும் ‘நோடேட்’ சேர்த்து முகவரி கொடுங்கள்.