அலுவலகக் கணினியா, கிளவுட் சேமிப்பா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்துச் சிறிய தொண்டு அமைப்புகள் பலவற்றுக்கும் இந்தத் தடுமாற்றம் உண்டு: பயனாளிகளின் விபரங்களை எங்கே வைப்பது? அலுவலகக் கணினியிலா, கிளவுட்டிலா, அதாவது இணையம் வழியே கூகுள் போன்ற நிறுவனத்தின் கணினிகளிலா?

செலவு
கணினி: வன்தட்டுக்கு ஒருமுறை பணம், பழுதானால் மறுபடியும்.
கிளவுட்: கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம். ஸ்கேன் செய்த பிறப்புச் சான்றிதழ்களுக்கு அதுவே நெடுநாள் வரும்.

பாதுகாப்பு
கணினி: மலையின் ஈரமும் மின்வெட்டும் வன்தட்டுக்குப் பகை. அதைவிடப் பெரிய பயம் மண்சரிவு. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மண்ணோடு புதைந்ததை எவரும் மறக்கவில்லை. இத்தகைய மண்ணில் ஒரே பிரதியை நம்பியிருப்பது பெரும் தவறு.
கிளவுட்: கட்டடம் இடிந்தாலும் கோப்பு இருக்கும். ஆனால் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருந்து, அவர் வேலையை விட்டுப் போனால் எல்லாம் முடங்கும். இருவர் பொறுப்பில் வையுங்கள். கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்குங்கள்.

வசதி
கணினி: இணையமே வேண்டாம்.
கிளவுட்: கள உத்தியோகத்தர் லயன் வாசலிலேயே தொலைபேசியில் பதியலாம். கூகுளின் அட்டவணைச் செயலியான ஷீட்ஸில் ஆஃப்லைன் (இணையமில்லாமல் இயங்கும்) வசதியை முன்கூட்டியே இயக்கிவைத்தால், சிக்னல் இல்லாத தோட்டத்தில் பதிந்தது கீழே டவுனுக்கு வந்ததும் தானாக ஏறிவிடும்.

ஒரே அறையில் கணக்கு மட்டும் பார்க்கும் அமைப்புக்குக் கணினியும், வேறிடத்தில் வைத்த ஒரு பிரதியும் போதும். பல தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்குக் கிளவுட்தான் சரி. எதுவானாலும், மக்களின் அடையாள அட்டை இலக்கங்களை யார் பார்க்கலாம் என்று முதலில் எழுதி வையுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு வழிக்கும் பொருந்தும்.