நாலு இன்செர்ட்டுக்கு காசு வாங்கிட்டு ரெண்டு தான் போட்டிருந்தான்: கிடார் நெக் வேலைக்கு குடுக்கறவங்க கொஞ்சம் படிச்சுட்டு போங்க

கோயமுத்தூர்லயோ திருப்பூர் ஈரோடு பக்கமோ யாராச்சும் எலக்ட்ரிக் கிடாருக்கு நெக் (பாடியிலருந்து நீளமா நீட்டிக்கிட்டு இருக்கற கழுத்துக் கட்டை) கழட்டி மாட்டற வேலைய வெளிய குடுக்கற மாதிரி இருந்தா இதை ஒருக்கா படிச்சுட்டு போங்க. கடை பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். என்ன பண்ணான்ங்கறத மட்டும் முழுசா சொல்றேன்.

என்கிட்ட இருக்கறது டெலிகாஸ்டர் மாடல் கிடாருங்க, மேப்பிள் நெக், ட்ரஸ் ராடு (நெக்குக்குள்ள ஓடற, வளைவ சரி பண்ற இரும்புக் கம்பி) டைட் பண்ற எடம் தலைப்பக்கம் இல்லாம அடியில பாடிக்குள்ள மறைஞ்சு இருக்கும், அதனால நெக்க கழட்டாம அதை திருக முடியாது. நம்மூர்ல ஆனி ஆடியில பாலக்காட்டு கணவாய் காத்து ஈரத்தோட அடிக்கறப்ப நெக் ஒரு பக்கம் வளையும், மாசி பங்குனி காய்ச்சல்ல வேற மாதிரி வளையும், வருசத்துக்கு ரெண்டு மூணு தடவ கழட்டி மாட்டிருவேன். ஏழெட்டு வருசம் இப்படியே பண்ணுனா மர ஸ்க்ரூ போற ஓட்டை தாங்குமா, மரை தேஞ்சு ஸ்க்ரூ சும்மா சுத்த ஆரம்பிச்சிருச்சு. பேருக்கு தான் போல்ட் ஆன் நெக்கு, உண்மையில உள்ள போறது நாலு மர ஸ்க்ரூ. இந்த மாடல உருவாக்குன லியோ ஃபெண்டர் 1950ல விக்க ஆரம்பிச்ச கிடார்லயும் அது தான், கழட்டாம விட்டா அதுவே ஆயுசுக்கும் நிக்கும். எனக்கு தான் ஆசை விடல, நெக்குக்குள்ள பித்தளையிலயோ ஸ்டீல்லயோ இன்செர்ட் (உள்ள மரை வெட்டுன சின்ன குழாய், மரத்துல பதிக்கறது) எறக்கி மெஷின் ஸ்க்ரூ போட்டுட்டா எத்தன தடவ கழட்டுனாலும் மெட்டல்ல மெட்டல் தானே திருகும்னு.

சிட்டிக்குள்ள ஒரு கடை. சின்ன பையன், நல்லா பேசுனான். "வெசனப்படாதீங்கண்ணா, ஸ்டெயின்லெஸ் இன்செர்ட் நாலு, ஆலன் போல்ட் நாலு, இனி ஆயுசுக்கும் ஆடாதுங்க"ன்னான். 3,800 ரூபா, பணத்த மொதல்லயே கேட்டான், முழுசா ஜிபே பண்ணிட்டேன் (இது என் தப்பு தான், ஒத்துக்கறேன்). ஒரு வாரம்னு சொல்லி மூணு வாரம் ஆக்குனான். குடுக்கறப்ப பின்னாடி ப்ளேட்டுல நாலு ஆலன் போல்ட் பளபளன்னு மின்னுச்சு, அதுலயே மயங்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து வாசிச்சா 12வது ஃப்ரெட்டுல (நெக் மேல குறுக்க பதிச்சிருக்கற உலோகப் பட்டை) ஆக்ஷன், அதாவது கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல இருக்கற உயரம், ஏறி கெடக்கு. நான் பம்ப் கம்பெனியில குவாலிட்டி செக்‌ஷன்ல இருக்கறவன், பையில வெர்னியர் எப்பவும் இருக்கும், அளந்து பாத்தா முன்ன 1.8 மில்லி இருந்தது கிட்டத்தட்ட 3 மில்லி. பிரிட்ஜுல கம்பி உக்கார்ற சாடில அடி மட்டம் வரைக்கும் எறக்கியும் சரியா வரல. போன் பண்ணா "புது போல்ட்டுங்கண்ணா, செட் ஆகறதுக்கு சித்த நாள் ஆகும்"ங்கறான். போல்ட்டு என்ன புது செருப்பா, காலுக்கு பழகறதுக்கு? அப்பவே சந்தேகம் வந்துச்சு, ஆனா கோபிசெட்டிபாளையத்துல ஒரு ரிசப்ஷன் ப்ரோகிராம் இருந்துச்சு, எப்படியோ போயிட்டேன். அங்க மூணாவது பாட்டுல மொத கம்பி ஃப்ரெட் ஓரத்த விட்டு வெளிய வழுக்குது, நெக்க கையில பிடிச்சு லேசா தள்ளுனா பக்கவாட்டுல நகருது. 10-46 செட் (கம்பியோட தடிமன் அளவு) கம்பி ஆறும் சேந்து சுமார் 45 கிலோ இழுக்கும்ங்க, ஒரு சிமெண்ட் மூட்டைக்கு கிட்ட, அவ்வளவு பாரம் இழுக்கற எடத்துல ஆட்டம் இருந்தா ட்யூனிங் எங்க நிக்கும்.

மறுநாள் கழட்டுனேன். தலைப்பக்கம் இருந்த ரெண்டு போல்ட்டு வந்துருச்சு. பின்பக்கம் ரெண்டும் வரவே இல்ல, அழுத்தி திருகுனா 'டக்'குன்னு ஒரு சத்தம், வெளிய எடுத்தா மரைய சுத்தி மஞ்சளா பசை, மரத்தூளோட சேந்து ஒட்டிக்கிட்டு வருது. டார்ச் அடிச்சு பாத்தா உள்ள இன்செர்ட்டே இல்ல. ஓட்டைய பெருசாக்கி எபாக்ஸிய ஊத்தி அதுல போல்ட்ட நட்டு வெச்சிருக்கான், நம்மூர்ல கம்பத்துக்கு குழி தோண்டி காங்கிரீட் போடற மாதிரி. வெளிய நாலு தலை தெரியணும், அவ்வளவு தான் அவன் கணக்கு.

போட்ட ரெண்டு இன்செர்ட்டும் ஸ்டெயின்லெஸ்ஸும் இல்ல பித்தளையும் இல்ல, கட்டில் பீரோ சாமானுக்கு ப்ளைவுட்டுல போடற ஜிங்க் இன்செர்ட்டு, மேல தொப்பி மாதிரி ஒரு விளிம்பு இருக்குமே அது. அந்த விளிம்பு மரத்துக்குள்ள மூழ்காம முக்கா மில்லி வெளிய நிக்குது, அதனால நெக்கோட முன்பாதி பாக்கெட்டுல (நெக் உக்கார பாடியில வெட்டுன பள்ளம்) உக்காரவே இல்ல, நெக் முன்னாடி சாஞ்சிருச்சு, ஆக்ஷன் ஏறுனது அதனால தான். போதாததுக்கு ஒண்ணு கோணையா எறங்கிருக்கு, கை ட்ரில்லுல ஓட்டை போட்டிருப்பான் போல. இன்னொரு ஓட்டை ஆழம் கட்டுப்பாடு இல்லாம போயிருக்கு, நெக்கோட அடிக்கட்டை மேல இருக்கற ஃப்ரெட்போர்டோட சேத்து மொத்தமே 25 மில்லி தான், இன்னும் ஒரு நூல் போயிருந்தா மேல வந்திருக்கும்.

பாடியில இருந்த ஓட்டைய அவன் தொடவே இல்லங்கறத அப்புறமேட்டுக்கு தான் கவனிச்சேன், இதை பல பேரு தெரியாமலே செய்யறாங்க. பாடி ஓட்டையில ஸ்க்ரூ மரை பிடிக்காம சும்மா வழுக்கி போகணும். அங்கயும் பிடிச்சா எவ்வளவு டைட் பண்ணாலும் நெக்குக்கும் பாடிக்கும் நடுவுல இடைவெளி அப்படியே நிக்கும், ஏன்னா ஸ்க்ரூ ரெண்டையும் ஒரே வேகத்துல ஒட்டுக்கா நகத்துது. வேலை முடிஞ்சதும் அந்த சந்துல ஒரு ஏ4 பேப்பர் நுழையுதான்னு பாருங்க, என்னோடதுல விசிட்டிங் கார்டே போச்சு.

கடைக்கு போனேன். நாலு போல்ட்டையும் மேசையில வெச்சதும் பையன் மூஞ்சி மாறிருச்சு. "மேப்பிளு ரொம்ப கெட்டிங்கண்ணா, ரெண்டு எறங்கவே இல்ல, உள்ளயே ஒடஞ்சிருச்சு, நீங்க அவசரம்னீங்கள்ல"ங்கறான். மூணு வாரம் வெச்சிருந்தது அவன், அவசரப்பட்டது நானாம். கெட்டி மரம்னா அதுக்கேத்த ஓட்டை அளவு இருக்கு, மெழுகு தடவி எறக்கணும், இன்செர்ட்டு தலையில இருக்கற வெட்டுல ஸ்க்ரூ டிரைவர் போட்டு திருகுனா ஒடையத்தான் செய்யும், ஒரு போல்ட்டுல ரெண்டு நட்டு எதிரெதிரா இறுக்கி அதால தான் எறக்கணும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருந்தா நானே திருப்பி வாங்கிட்டு போயிருப்பேன். ஒடஞ்சத மறைச்சு பசை ஊத்துனது தான் எனக்கு ஆறவே இல்ல.

கடைசியா வேலை முடிஞ்சது கோயமுத்தூர் கணபதி ஏரியாவுல, என்கூட படிச்ச மாப்ளயோட லேத்து பட்டறையில. அவங்கப்பா பாத்துட்டு "ஏங்கண்ணு, வீணைய எதுக்கு இங்க கொண்டாந்த"ன்னு கேட்டாரு. ஒடஞ்சு போன ட்ரம் ஸ்டிக் ரெண்டு இருந்துச்சு, ஹிக்கரி மரம், மேப்பிள விட கெட்டி, அதை லேத்துல 10 மில்லிக்கு கடைஞ்சு பழைய ஓட்டையெல்லாம் சுத்தமா 10 மில்லி ஆக்கி மரப்பசை போட்டு அடைச்சோம், ஒரு ராத்திரி விட்டோம். தேக்குல போடலாம்னு மாப்ள சொன்னான், எண்ணெய் மரம், பசை பிடிப்பு சந்தேகம்னு நான் தான் வேண்டாம்னேன். பித்தளை ராடுல 12 மில்லி நீளத்துக்கு நாலு புஷ் கடைஞ்சான், நம்ம சொந்த இன்செர்ட்டு தான், வெளிய எம்8 (8 மில்லி) மரை, உள்ள எம்5 (5 மில்லி). பாடி ஓட்டைய 5.5 மில்லிக்கு திறந்துட்டு, நெக்க பாக்கெட்டுல வெச்சு ரெண்டு ஓரத்துக் கம்பியையும் இழுத்துக் கட்டி நேரா இருக்கான்னு பாத்து, பாடி ஓட்டை வழியாவே பஞ்ச் வெச்சு குறிச்சோம். பில்லர் ட்ரில்லுல நெக்க மட்டமா கட்டி, ஆழம் தெரிய பிட்டுல 14 மில்லிக்கு ஒட்டற டேப்ப சுத்தி 6.8 மில்லி ஓட்டை, அப்புறம் மரை வெட்டற எம்8 டேப்ப (tap) கையாலயே மரத்துல ஓட்டி, கொஞ்சம் எபாக்ஸியோட புஷ்ஷ எறக்குனோம், ஏன்னா அடைப்புக் குச்சியில மர ரேகை நெட்டுக்க ஓடும், வெறும் மரைய நம்ப முடியாது. மேல ஒரு முடி அளவு பள்ளமா விட்டு, ஓட்டை வாய சரிவா விரிச்சு கௌண்டர் சிங்க் பண்ணிட்டோம், மரம் மேல பிதுங்காம இருக்க. எம்5, 40 மில்லி ஸ்க்ரூ சரியா போச்சு, ப்ளேட்டும் பாடியும் சேந்து 30, பாக்கி 10 புஷ்ஷுக்குள்ள. செலவு பித்தளையும் ஸ்க்ரூவும் சேத்து 400 ரூபா கூட வரல, ஒரு ஞாயித்துக்கெழம பொழுதோட டீயும் பஜ்ஜியும் என் கணக்கு.

யாருகிட்டயாச்சும் குடுக்கறதா இருந்தா, இன்செர்ட்ட போடறதுக்கு முன்ன கையில வாங்கி பாருங்க, போட்டப்புறம் நெக்க மாட்டாம அப்படியே அடிப்பக்கம் போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க, மறுக்கா உங்க கண்ணு முன்னாடி நாலு ஸ்க்ரூவையும் கழட்டி மாட்டி காமிக்க சொல்லுங்க. ஒழுங்கா பண்ணுனவனுக்கு அஞ்சு நிமிசம் தான் ஆகும்.

இப்ப ஆக்ஷன் மறுபடி 1.8ல நிக்குது. இந்த ஆடியில ரெண்டு தடவ கழட்டி மாட்டிட்டேன். பையன் 3,800ல ஆயிரம் திருப்பி குடுத்தான், பாக்கிக்கு அடுத்த வாரம் வாங்கண்ணான்னான். அதை சொல்லி ஆறு வாரம் ஆச்சு, இன்னிக்கு காலையில போன் பண்ணேன், அடுத்த வாரம் தானாம்.