மை படிந்த மதராஸ்: ஒரு பழைய அஞ்சலட்டைத் தொகுப்பு

பழம்பொருள் வணிகர் ஒருவரிடம் அண்மையில் நான் வாங்கிய பதினெட்டு மதராஸ் பட அஞ்சலட்டைகளில் ஏழு, அனுப்பியவர்களின் கையெழுத்து படத்தின் மேலேயே பரவியவை. கறைபட்டவை என்று ஒதுக்கி, மற்றவற்றின் பாதி விலைக்கு அவற்றை அவர் கொடுத்தார். என்னைக் கேட்டால், இத்தொகுப்பின் உயிர் அந்த ஏழில்தான் இருக்கிறது.

தொடக்க காலத்தில் அட்டையின் பின்புறம் முழுவதும் முகவரிக்கே உரியதாக இருந்ததால், சொல்ல வந்ததைப் படத்தின் ஓரத்திலும் வானத்திலும் கடலிலும்தான் எழுத வேண்டியிருந்தது. பின்புறத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைச் செய்திக்கு விடும் முறையைப் பிரிட்டன் 1902-இல் ஏற்ற பிறகே, மற்ற நாடுகளிலும் அது பரவியது. அன்றைய இடநெருக்கடி இன்று நமக்குப் பேறாகியிருக்கிறது. ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டும் மசூலா படகு ஒன்று மணலில் அசையாமல் நிற்கும் அட்டையில், தாம் அமர்ந்து வந்த பலகையை அம்புக்குறியால் காட்டி, கரை சேர்வதற்குள் அலை இருமுறை தம்மை முழுக்க நனைத்ததை ஒருவர் எழுதியிருக்கிறார். இன்னோர் அட்டையில் உயர் நீதிமன்றத்தின் உயர்ந்த கோபுரத்தின்மேல் ஒரு பெருக்கல் குறி. இரவில் அதன் ஒளி தம் அறைச் சுவரைக் கடந்து செல்கிறது என்ற ஒற்றை வரி. 1894 முதல் அக்கோபுரம் கலங்கரை விளக்கமாகவும் இருந்ததை நான் படித்து அறிந்திருந்தும், அதன் கீழே உறங்கியவர்கள் இருந்தார்கள் என்று அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

மிக உயர்ந்த விலை, 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் தாக்கியதால் எரிந்த எண்ணெய்த் தொட்டிகளைக் காட்டும் அட்டைக்கு. அதில் ஓர் எழுத்தும் இல்லை. புகை தெளிவாகத் தெரிகிறது. அதைக் கண்டு அஞ்சியவர் எவரும் தெரியவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். 1908-இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையக் கட்டடத்தைக் காட்டும் அட்டையின் பின்னால் வணிகர் பென்சிலால் 1900 என்று குறித்திருக்கிறார். இரண்டு அட்டைகளில் ஒட்டுநாடா அஞ்சல் முத்திரையை மறைத்துவிட்டது. தேதியை அறிய இருந்த உறுதியான வழி அதனால் அடைபட்டுப்போனது. வண்ணங்கள் அச்சகத்தில் சேர்க்கப்பட்டவையாதலால் அவற்றைச் சான்றாகக் கொள்ளவும் இயலாது.

வாங்க விரும்புவோர் இரு பக்கங்களின் நகலையும் முன்னதாகக் கேட்டுப் பெறுவது நல்லது. அடுத்த முறை கறைபட்டவை என்று ஒதுக்கும் அட்டைகள் அனைத்தையும் எனக்கே எடுத்து வைக்குமாறு அவரிடம் சொல்லியிருக்கிறேன்.