தீவுக்குப் போகும் கார்டும் காசும்: ஒன்பது வருட அனுபவம்

எந்த கார்டு எடுத்துப் போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எந்தத் தீவு, படகு எந்த ஊரிலிருந்து ஏறுகிறீர்கள் என்பதுதான். 2016-இல் முதன்முதலாகப் பாலிக்குப் போனேன். அதற்கப்புறம் 2025 அக்டோபர் வரை இந்தோனேசியா மூன்று தடவை, மாலத்தீவு மூன்று தடவை, மொரிஷியஸும் இலங்கையும் ஒவ்வொரு தடவை. கையில் இருந்தவை எல்லாம் நம் ஊர் வங்கிகளின் கார்டுகள்: ஒரு டெபிட், இரண்டு கிரெடிட், நடுவில் சில வருடம் டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு. இத்தனை வருடத்தில் மார்க்கப், அதாவது வெளிநாட்டுச் செலவின் மேல் வங்கி கூடுதலாகப் போடும் கட்டணத்தில் போன பணத்தைவிட, கார்டு ஓடாத இடத்தில் மாட்டிக்கொண்டு நான் விட்ட பணமும் நாட்களும் அதிகம்.

மார்க்கப் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். நம் ஊர் கிரெடிட் கார்டுகளில் பலவற்றுக்கு வெளிநாட்டுச் செலவில் 3.5 சதவீதம் மார்க்கப், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேர்த்தால் 4.13 சதவீதம். ஒரு லட்சத்துக்கு 4,130 ரூபாய். மார்க்கப் இல்லாத கார்டுகளும் இப்போது கிடைக்கின்றன, கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடும், அதை மட்டும் செய்யாதீர்கள். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புது கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். கிளம்பும் முன் வங்கியின் ஆப்பில் போய் ஏடிஎம், கடை மெஷின், டேப் (கார்டைத் தட்டிக் கட்டுவது) என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறந்துவிட வேண்டும். கடை மெஷினுக்கு மட்டும் திறந்துவிட்டு ஏடிஎம்மை மறந்து போனவர்களை வழியில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி தீவுகள்.

2017-இல் பாலியின் சனூரிலிருந்து நுசா பெனிடா தீவுக்குப் படகு ஏறினோம். என் பையில் மூன்று லட்சம் ரூபியா, அதாவது இந்தோனேசியப் பணம் இருந்தது. கேட்கப் பெரிதாக இருக்கும், நம் ஊர் கணக்கில் 1,500 ரூபாய்க்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். படகுத்துறைப் பக்கம் இருந்த ஏடிஎம்மில் பணம் தீர்ந்துபோயிருந்தது. இன்னொன்றைத் தேடி ஸ்கூட்டரில் போனால் அந்த வட்டாரத்தில் மின்சாரம் இல்லை. தங்கிய வீட்டுக்காரரிடம் கார்டு மெஷினே கிடையாது. பெட்ரோலைப் பாட்டிலில் ஊற்றி விற்கும் கடைக்கும், கடற்கரையில் வண்டி நிறுத்துவதற்கும், இளநீருக்கும் எல்லாவற்றுக்கும் காசுதான். இரண்டு இரவு என்று போன பயணத்தை ஒரு இரவோடு முடித்துக்கொண்டு சனூருக்குத் திரும்பினோம். கணவருக்கு மந்தா திருக்கை பார்க்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. அந்த முறை நடக்கவில்லை.

இப்போது நுசா பெனிடாவில் வசதிகள் கூடியிருக்கின்றன, விடுதிகள் கார்டு வாங்குகின்றன. ஆனால் தீவில் ஏடிஎம்முக்குப் பணம், மின்சாரம், இணையம் மூன்றும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும், கடை மெஷினுக்கும் மின்சாரமும் இணையமும் வேண்டும். நகரத்தில் ஒன்று போனால் அடுத்த தெருவில் இன்னொரு வங்கி இருக்கும். தீவில் அடுத்த தெரு முடிந்தால் கடல். அதனால் படகு ஏறும் ஊரிலேயே, அந்தத் தீவில் தங்கும் நாள் முழுக்கப் போதுமான பணத்தை எடுத்துவிடுகிறேன். இந்த ஒரு பழக்கம் எனக்குக் காப்பாற்றிக் கொடுத்த அளவுக்கு எந்த கார்டும் கொடுத்ததில்லை.

இந்தோனேசியாவில் இன்னும் இரண்டு விஷயம். அங்கே பல ஏடிஎம்கள் முதலில் பணத்தைத் தரும், கார்டு அப்புறம்தான் வரும். நமக்குப் பணம் கையில் வந்ததும் நகர்ந்துவிடும் பழக்கம். பாலியின் உபுதில் என் முன்னால் நின்ற ஒரு பெண் அப்படித்தான் போய்விட்டார், ஓடிப்போய்க் கூப்பிட்டுக் கொடுத்தேன். அப்புறம், மெஷின் மேல் 50,000 அல்லது 100,000 என்று ஒட்டியிருக்கும், அது உள்ளே இருக்கும் நோட்டின் மதிப்பு. ஒரு தடவைக்கு இத்தனை தாள்தான் என்று வரம்பு இருப்பதால் 100,000 நோட்டு உள்ள மெஷினில் ஒரே தடவையில் கூடுதலாக எடுக்கலாம். நம் வங்கி ஒவ்வொரு தடவைக்கும் தனிக் கட்டணம் பிடிப்பதால் இது முக்கியம்.

பணம் மாற்றும் கடைகளில், பாலியில் குடா ஊரின் சந்துகளில் பலகையில் எல்லாரையும்விட நல்ல ரேட் எழுதியிருப்பவரிடம் போகவே கூடாது. மேசையில் அடுக்கி எண்ணிக் காட்டி, கடைசியில் தட்டிச் சரிசெய்யும்போது சில தாள்களைப் பின்னால் விழவிடுவார்கள். கண் முன்னால் நடந்தும் முதல் முறை எனக்குப் புரியவில்லை, விடுதிக்கு வந்து எண்ணியபோதுதான் மூன்று லட்சம் ரூபியா குறைந்திருந்தது. இப்போது இந்தோனேசிய மத்திய வங்கியின் உரிமம் பெற்ற கடைக்குத்தான் போகிறேன். கடைசியாக எண்ணுவது நானாக இருக்க வேண்டும், அதன்பின் அவர் கை அதில் படக்கூடாது. டாலர் நோட்டு மடிப்பும் மையும் கிழிசலும் இல்லாமல் இருக்கட்டும். கசங்கிய நோட்டுக்கு ரேட்டைக் குறைப்பார்கள், 1996-க்கு முந்தைய, தலைப்படம் சின்னதாக உள்ள நோட்டைப் பல இடங்களில் தொடவே மாட்டார்கள்.

என்னை மிகவும் வருத்திய விஷயம் 2019-இல் நடந்தது. இந்தோனேசியாவின் கிலி டிராவாங்கன் தீவில் ஒரு ஏடிஎம்மில் 25 லட்சம் ரூபியா கேட்டேன். மெஷின் உள்ளே பணம் எண்ணும் சத்தம் கேட்டது, பிறகு திரை அணைந்துவிட்டது. கார்டு வந்தது, பணம் வரவில்லை. ஆனால் கணக்கில் கழித்துவிட்டார்கள். உள்நாட்டில் இப்படி ஆனால் ஐந்து நாளில் திருப்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. வெளிநாட்டு ஏடிஎம்முக்கு அந்த விதி பொருந்தாது. என் வங்கியில் மூன்று முறை ஒரே படிவத்தை நிரப்பவைத்தார்கள். பணம் திரும்பி வர 43 நாள் ஆனது. மெஷினின் எண்ணையும் நேரத்தையும் அப்போதே படம் எடுத்து வைத்திருந்ததால்தான் அதுவும் வந்தது என்று நம்புகிறேன். இன்றுவரை வெளிநாட்டு ஏடிஎம் முன்னால் நின்றால் முதலில் அதைப் படம் எடுக்கிறேன்.

மாலத்தீவு தனிக் கதை. அங்கே ஒரே நாட்டுக்குள் இரண்டு பண உலகம். ரிசார்ட் தீவில் எல்லாமே டாலர். சாப்பாடும் டைவிங்கும் அறைக் கணக்கில் ஏறும், கிளம்பும்போது கார்டில் கட்டுவோம். டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு அங்கே அருமையாக வேலை செய்தது. அதே கார்டை மாஃபூஷி, தோட்டூ போன்ற மக்கள் வாழும் தீவுகளில் தேய்த்தால் பில் மாலத்தீவு நாணயமான ருஃபியாவில் விழும். டாலரிலிருந்து ருஃபியாவுக்கு என்று இன்னொரு கட்டணம் பிடிப்பார்கள். ரிசார்ட்டில் முன்பணமாகப் பிடித்து வைக்கும் தொகைக்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். எனக்கு 500 டாலர் மூன்று வாரம் முடங்கிக் கிடந்தது. கிரெடிட் கார்டென்றால் வரம்பு மட்டும்தான் குறையும்.

அதிகாரபூர்வ ரேட் டாலருக்கு 15.42 ருஃபியாவைத் தாண்டாது. அங்கே டாலர் பற்றாக்குறை இருப்பதால் வெளியே கூடுதலாகத் தர ஆட்கள் வருவார்கள். உரிமம் இல்லாதவரிடம் மாற்றுவது சட்டப்படி தவறு, நான் மாற்றியதில்லை. டாலரைச் சில்லறையாக, ஒன்று, ஐந்து, பத்து நோட்டுகளாகக் கொண்டுபோனால் மாற்றவேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. தோட்டூவில் ஒரு மளிகைக் கடையில் தூத்துக்குடித் தம்பி ஒருவர் வேலை பார்த்தார். வெளியே பெருமழை. நான் கார்டை நீட்டியதும், “மெசின் இப்ப ஓடாதுக்கா, மழைக்கு நெட்டு போயிட்டு. டாலர் இருந்தா குடுங்க, மிச்சம் ருஃபியாவா தாரேன்” என்றார். கடையில் அடுக்கியிருந்த வெங்காய மூட்டையும் தூத்துக்குடியிலிருந்து வந்ததுதானாம். அந்தத் தீவில் தமிழில் பேரம் பேசியது எனக்குப் பெரிய சந்தோஷம்.

செலவுக் கணக்கு போடும்போது வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியிலிருந்து பசுமை வரி இரட்டிப்பாகிவிட்டது. மக்கள் வாழும் தீவுகளில் 50 அறைக்குள் உள்ள விருந்தினர் இல்லங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12 டாலர். சுற்றுலா ஜிஎஸ்டி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம், அந்த வரியைப் போடும் முன்பே அறை விலையோடு 10 சதவீதம் சேவைக் கட்டணமும் சேரும். விளம்பரத்தில் இவை எதுவும் சேராமல் ஒரு இரவுக்கு 100 டாலர் என்று போட்டிருக்கும் விருந்தினர் இல்ல அறை, இருவருக்குமாக 140 டாலரைத் தாண்டும். சில இல்லங்களில் பசுமை வரியைப் பணமாகவே கேட்டார்கள், எனவே அதற்கான டாலரைத் தனி உறையில் வைக்கிறேன்.

மொரிஷியஸில் கார்டு எங்கும் பிரச்சினை செய்யவில்லை. அங்கே என்னைத் தொட்டது நோட்டுதான். மொரிஷியஸ் ரூபாயில் தமிழ் எழுத்தோடு தமிழ் எண்ணும் அச்சாகியிருக்கிறது. 1998-இல் புதிய நோட்டுகளில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி அச்சடித்தபோது அங்குள்ள தமிழர்கள் போராடி, அந்த வரிசையை மாற்ற வைத்தார்கள். பெட்டிக்கடையில் மீதி வாங்கும்போது அதைப் படிக்க ஒரு நிமிடம் நின்றேன். 2024 பிப்ரவரியில் மொரிஷியஸிலும் இலங்கையிலும் யுபிஐ தொடங்கினார்கள். அதே வருடம் கொழும்பில் இரண்டு கடைகளில் க்யூஆரை ஸ்கேன் செய்து கட்டினேன், எளிதாக இருந்தது. ஆட்டோவுக்கும் சாலையோரக் கடைக்கும் இலங்கை ரூபாய்தான் கொடுத்தேன்.

எந்தத் தீவிலும் கடை மெஷின், இந்திய ரூபாயா உள்ளூர் நாணயமா என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தையே அழுத்துங்கள். நம் ரூபாயில் தொகை தெரிவது நிம்மதியாகத் தோன்றும், ஆனால் அந்த மாற்று விகிதத்தில் மெஷின் தரப்பின் பங்கு ஏற்கெனவே சேர்ந்திருக்கும். பல வங்கிகள் அதன் மேலும் மார்க்கப் போடுகின்றன. சனூரில் ஒரு உணவகத்தில் பணியாளர் என்னைக் கேட்காமலேயே ரூபாயை அழுத்திவிட்டார். ரத்து செய்து மறுபடி போடச் சொன்னேன், முகம் சுளிக்காமல் செய்தார்.

இப்போது நான் கிளம்பும்போது ஆளுக்கு 300 டாலர் நல்ல நோட்டுகளாக, கணவர் பையில் பாதி, என் பையில் பாதி. இரண்டு வெவ்வேறு வங்கியின் கார்டுகள், ஒன்று விசா, ஒன்று மாஸ்டர்கார்டு, அவையும் இரண்டு பைகளில். டெபிட் கார்டு உள்ள கணக்கில் பயணத்துக்கு வேண்டிய தொகையை மட்டும் போட்டுவைக்கிறேன். வங்கிக்குக் கொடுத்த எண்ணின் சிம்மைக் கழற்றுவதில்லை. ஃபாரெக்ஸ் கார்டை விட்டுவிட்டேன், ரிசார்ட் மட்டும் போகிறவர்களுக்கு அது இன்னும் நல்லதுதான்.

மிச்சமான ருஃபியாவை நம் ஊரில் மாற்றித் தர யாரும் முன்வரவில்லை. போன பயணத்தில் மீந்த 340 ருஃபியாவும் சனூர் படகுச் சீட்டின் பின்னால் சுற்றிய ரூபியாவும் பீரோவில் ஒரே உறையில் இருக்கின்றன. அடுத்து நுசா பெனிடாதான், ஐந்து இரவு. கணவர் மந்தா திருக்கையை இன்னும் பார்க்கவில்லை.