பின் ஸ்பிரிங் வீட்டில், முன் ஸ்பிரிங் கடையில்: ஒரு ஸ்விஃப்ட்டில் செய்து பார்த்த கணக்கு

மழைக்காலம் முடிந்து ஒருநாள் கார் கழுவும்போதுதான் கவனித்தேன், இடது முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற இடைவெளி வலது பக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. 2012 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட், திருவான்மியூரில் கடல் காற்று படுகிற இடத்தில் நிற்கிற வண்டி. டயரில் காற்று இறங்கியிருக்கும் என்று முதலில் விட்டுவிட்டேன். சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வைத்து அளந்தால் டயர் காற்று கணக்கில் வராது, அப்படி அளந்தபோதும் இடது பக்கம் 2 சென்டிமீட்டர் குறைவு. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ‘டங்’ என்று ஒரு சத்தம் வேறு. டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று முறிந்து, துண்டு ஸ்பிரிங் உட்கார்கிற கீழ்க் கிண்ணத்தில் தனியாகக் கிடக்கிறது. முறிந்த முகத்தில் பாதி கறுத்த துரு, பாதி பளபளப்பு. விரிசல் எப்போதோ விழுந்திருக்கிறது, மிச்சம் இருந்ததுதான் இப்போது போயிருக்கிறது.

முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கல் தெறித்துப் பெயிண்ட் உரியும், கிண்ணத்தில் மணலும் தண்ணீரும் தேங்கும், உப்புக் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். பின்பக்க ஸ்பிரிங் முறியவில்லை, ஆனால் வருஷக்கணக்காகத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஐந்து பேரும் அரிசி மூட்டையும் ஏற்றி ஊருக்குப் போனதில் நன்றாக உட்கார்ந்துவிட்டது. சரி, நாலையும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு பக்கம் மட்டும் முறிந்தாலும் அந்த அச்சில் இரண்டையும் ஜோடியாக மாற்றுவதுதான் முறை, இல்லாவிட்டால் புதுசு ஒரு உயரத்திலும் பழசு ஒரு உயரத்திலும் நின்று பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

யாரிடம் கொடுப்பது என்பதில் மூன்று வழி இருந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டர், தெருமுனை மெக்கானிக், நானே வீட்டில். இந்த மூன்றையும் மொத்தமாக எடைபோட்டுப் பார்ப்பதே தப்பு என்பதுதான் எல்லாம் முடிந்தபிறகு எனக்குத் தோன்றுவது, ஏனென்றால் ஒரே காரில் முன் ஸ்பிரிங்கும் பின் ஸ்பிரிங்கும் இரண்டு வேறு வேலைகள்.

சர்வீஸ் சென்டரை முதலில் முடித்துவிடுகிறேன். நான் போன இடத்தில் ஸ்பிரிங் என்று நான் சொன்னதை ஷாக் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிற அப்சார்பர்), மவுண்ட், பேரிங், லிங்க் ராடு என்று ஒரு பக்கப் பட்டியலாக ஆக்கிக் கொடுத்தார்கள், மொத்தம் நான் கடைசியில் செலவழித்ததுபோல மூன்று மடங்கு. ஆனால் அவர்களிடம் ஒரு உண்மையான வசதி உண்டு, சேஸிஸ் நம்பரைத் தட்டினால் உங்கள் வண்டிக்கான சரியான பார்ட் நம்பர் வந்துவிடும். இது சின்ன விஷயம் இல்லை. அதே ஸ்விஃப்ட்டில் 1.2 பெட்ரோலுக்கும் 1.3 டீசலுக்கும் முன் ஸ்பிரிங் வேறு, டீசல் எஞ்சின் கனம். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், மாற்றிப் போட்டால் மூக்கு தூக்கிக்கொண்டோ தொங்கிக்கொண்டோ நிற்கும். அதனால் நம்பரை மட்டும் அங்கே வாங்கிக்கொண்டு வேலையை வேறு இடத்தில் செய்யலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இப்போது பின்பக்கம். ஸ்விஃப்ட்டில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம், இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கிற ஒரே உத்தரம். ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஸ்பிரிங் பீமுக்கும் பாடிக்கும் நடுவே சும்மா உட்கார்ந்திருக்கிறது, அதை எந்த போல்ட்டும் பிடித்திருக்கவில்லை, வண்டியின் எடைதான் பிடித்திருக்கிறது. எடையை எடுத்துவிட்டால் அதுவே தளர்ந்துவிடும். அதாவது ஸ்பிரிங்கை அழுத்திச் சுருக்குகிற கருவியான ஸ்பிரிங் கம்பிரஸரே தேவையில்லை.

சம தளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முதல் கியரில் போட்டு, பின்பக்கத்தை டிராலி ஜாக்கியால் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் உட்காரவைக்க வேண்டும். ஸ்டாண்டு இல்லாமல் செய்யாதீர்கள். வண்டியோடு வருகிற கத்தரி ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான், அதை நம்பி அடியில் தலையை விடக்கூடாது. கழற்றிய சக்கரத்தைக்கூட நான் பாடிக்கு அடியில் தள்ளி வைத்துவிடுவேன், எல்லாம் சரிந்தாலும் அந்த டயர் அளவுக்காவது உயிர் இடம் இருக்கும். அப்புறம் பீமுக்கு நடுவில் ஜாக்கி கொடுத்து லேசாகத் தாங்கிக்கொண்டு, இரண்டு பக்கத்து ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றி, ஜாக்கியை மெதுவாக இறக்கினால் பீம் இறங்கும். இங்கே கண் வைக்க வேண்டியது பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஏபிஎஸ் ஒயர் மூன்றின் மேல். பீம் இறங்க இறங்க அவை இழுபடும். விறைக்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, கிளிப்பிலிருந்து விடுவித்துவிட்டு மறுபடி இறக்க வேண்டும்.

என் வண்டியில் கீழ் போல்ட் ஒன்று துருவில் ஒட்டிக்கொண்டது. முந்தின நாள் ராத்திரியே டபிள்யூடி-40 அடித்து வைத்திருந்தும், ஸ்பேனரில் ஒரு மீட்டர் பைப் மாட்டி இழுத்த பிறகுதான் ‘டிக்’ என்று விட்டது. அது தவிர முழு வேலையும் இரண்டரை மணி நேரம், அதில் முக்கால் மணி நேரம் 17 நம்பர் சாக்கெட்டைத் தேடியதில் போனது. திருப்பி மாட்டும்போது ஒரு விஷயம் முக்கியம், ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையம்) உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழுசாக முறுக்கக்கூடாது, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் புஷ் முறுக்கேறிய நிலையிலேயே வாழ்ந்து சீக்கிரம் கிழிந்துவிடும். தெருமுனைக் கடைகளில் அவசரத்தில் பலர் செய்யாத வேலை இது. பின்பக்கத்துக்கு வீடுதான் மேல் என்று நான் சொல்வதற்குக் காசைவிட இதுதான் காரணம்.

முன்பக்கம் அப்படி இல்லை. அங்கே ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்குள் ஒன்றாக, ஸ்ட்ரட் என்கிற ஒரே தொகுப்பில். கீழ்க் கிண்ணத்துக்கும் மேல் மவுண்ட்டுக்கும் நடுவே ஸ்பிரிங் எப்போதும் அழுத்தத்தில்தான் இருக்கிறது, ஸ்ட்ரட்டைக் கழற்றித் தரையில் வைத்த பிறகும். நடுவில் இருக்கிற ஒரு நட்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. வெறுமனே அந்த நட்டைக் கழற்றினால் மவுண்ட்டும் கிண்ணமும் முகத்துக்கு நேராகக் கிளம்பும். எவ்வளவு வேகத்தில் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு மில்லிமீட்டர் அழுத்த 20 நியூட்டன் கேட்கிற ஸ்பிரிங்கை 15 சென்டிமீட்டர் அழுத்தினால் அதற்குள் 225 ஜூல் அடைபட்டிருக்கும். 10 கிலோ அரிசிப் பையை 2.3 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது கிட்டத்தட்ட ஒரு அறையின் பரண் உயரத்திலிருந்து, போட்டால் விழுகிற அடி அது. நீங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பது அதற்கு மேலேதான்.

கம்பிரஸர் வாங்கி வீட்டிலேயே செய்யலாம் என்றுதான் நானும் நினைத்தேன். நீள மரை ராடு இரண்டு, ஒவ்வொன்றிலும் மேலே கொக்கி கீழே கொக்கி, ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கத்தில் மாட்டி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் ஸ்பிரிங் சுருங்கும். ஆன்லைனில் விலை குறைந்ததாகப் பார்த்து ஒன்று வாங்கினேன். பத்து சுற்று முறுக்கியதும் ஒரு கொக்கி கம்பியின் வளைவில் ஒரு சென்டிமீட்டர் வழுக்கியது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தில் நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன், கொஞ்ச நேரம் அதன் பக்கமே போகவில்லை. அப்புறம் தூர நின்று கையை நீட்டி ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தினேன். கொக்கிக்குப் பாதுகாப்பு ஊசி இல்லை, மரையில் கிரீஸ் இல்லை, ராடு லேசாக வளைந்திருந்தது. இந்தக் கருவியில் நல்லது உண்டு, ஊசி வைத்த கொக்கியும் தடித்த ராடும் இருந்தால் கவனமானவர் செய்துவிடலாம், இம்பாக்ட் கன் மட்டும் போடக்கூடாது, மரை சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஆயுளில் இரண்டு தடவை செய்யப்போகிற வேலைக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தெருமுனை மெக்கானிக்கிடம் முழுசாகக் கொடுப்பது? கடையைப் பொறுத்தது. ஸ்பிரிங்கைக் கயிறாலோ கம்பியாலோ கட்டிவிட்டு நட்டைக் கழற்றுகிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். அங்கேயிருந்து நடையைக் கட்டிவிடுங்கள். சுவரில் பொருத்திய ஹைட்ராலிக் கம்பிரஸர் இருக்கிற கடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம், இரண்டு தாடைகள் ஸ்பிரிங்கை ஏந்திப் பிடித்துச் சமமாக அழுத்தும், ஐந்து நிமிஷ வேலை. கடைக்குள் போனதும் சுவரைப் பாருங்கள், போர்டைப் பார்க்காதீர்கள்.

நான் செய்தது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. ஸ்ட்ரட்டை வீட்டில் கழற்றினேன், ஸ்பிரிங்கைப் பிரிக்கவில்லை. லிங்க் ராடு நட், பிரேக் ஹோஸ் பிராக்கெட், ஏபிஎஸ் ஒயர் கிளிப், கீழே நக்கிளில் (சக்கரத்தைத் தாங்குகிற பாகம்) இரண்டு பெரிய போல்ட், கடைசியில் மேல் பிடிப்பு. சில கார்களில் மேலே மூன்று சின்ன நட் இருக்கும், சில கார்களில் நடுவில் ஒன்று இருந்து அதற்கு அடியில் ஸ்பிரிங்கை அடக்குகிற நட் தனியாக இருக்கும். எது எதைப் பிடித்திருக்கிறது என்று உங்கள் வண்டிக்குத் தெளிவாகத் தெரியாமல் நடு நட்டில் ஸ்பேனரை வைக்காதீர்கள். கீழ் போல்ட்டுகளைக் கழற்றும் முன்னால் அவை நின்ற இடத்தைப் பெயிண்ட்டால் குறித்துவைத்தால் கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாய்ந்து நிற்கிற கோணம்) பெரிதாக மாறாது. இன்னொன்று, ஸ்ட்ரட் வெளியே வந்ததும் நக்கிள் தன் எடையில் வெளிப்பக்கம் சாயும், அப்படியே விட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட் பிரிந்துவிட வாய்ப்பு உண்டு. ஒரு கயிறு போட்டு லோயர் ஆர்மோடு சேர்த்துக் கட்டிவிட்டேன்.

இரண்டு ஸ்ட்ரட்டையும் சாக்குப் பையில் போட்டு ஆட்டோவில் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணன் பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “வீட்லயா கழட்டுனீங்க?” என்றார். ஆமாண்ணே என்றேன். “நடு நட்ட தொடலல்ல?” இல்லை என்றதும்தான் வாங்கி வைத்தார். அரை மணி நேரத்தில் இரண்டையும் பிரித்து, புது ஸ்பிரிங், புது பேரிங், புது ஸ்டாப்பர் போட்டுக் கொடுத்துவிட்டார். முழுக் கூலியில் கால் பங்குகூட ஆகவில்லை. பேரிங்கையும் மவுண்ட்டையும் இந்தச் சமயத்திலேயே மாற்றிவிடுவது நல்லது, பொருளின் விலை குறைவு, அதற்காக மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவதுதான் செலவு.

எந்த ஸ்பிரிங் என்பதிலும் போட்டி உண்டு. ஒரிஜினல் விலை அதிகம், ஆனால் ஸ்பிரிங் விஷயத்தில் அந்தக் கூடுதல் காசுக்கு அர்த்தம் இருக்கிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் படியில் ஏறுகிறது, கம்பி 10 சதவீதம் தடித்தால் விறைப்பு கிட்டத்தட்ட 46 சதவீதம் கூடிவிடும். அதனால் ‘அதே சைஸ்தான் சார்’ என்று சென்னையில் உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் யாராவது எடுத்துப் போட்டால் வெர்னியரால் அளந்து பார்த்து வாங்குங்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர் முதுகெலும்புக்குத் தெரியும். புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும், கதவோ பம்பரோ என்றால் நானே அங்கேதான் போவேன், ஸ்பிரிங்குக்கு மட்டும் போக மாட்டேன். என் முறிந்த ஸ்பிரிங்கும் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சுற்றுகளுக்கு நடுவே செருகுகிற ரப்பர் பஃபர் இருக்கிறதே, உட்கார்ந்த பின் ஸ்பிரிங்குக்கு அதைத்தான் முதலில் எல்லாரும் சொல்வார்கள். விலை குறைவு, பத்து நிமிஷத்தில் போட்டுவிடலாம், வண்டியும் தூக்கும். ஆனால் அது ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் பிடித்துவைக்கிறது, மிச்சச் சுற்றுகள் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கின்றன. முறியாத, துருப்பிடிக்காத ஸ்பிரிங்குக்குத் தற்காலிகமாகச் சரி. ஸ்பிரிங்கைச் சூடாக்கி இழுத்து நீட்டிக் கொடுக்கிற வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தச் சூட்டிலேயே எஃகின் பதம் போய்விடும்.

தாழ்த்துகிற ஸ்பிரிங் பற்றி அதிகம் சொல்ல ஆசையில்லை. நம் ஊர் வேகத்தடைக்கு அது ஒத்துவராது, தவிர பதிவுச் சான்றில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஒரு சுற்றை வெட்டித் தாழ்த்துகிறவர்களுக்கு ஒரு கணக்கு மட்டும்: 6 சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் மிச்சம் 20 சதவீதம் விறைப்பாகும், வெட்டிய முனை கிண்ணத்தில் சரியாக உட்காரவும் செய்யாது.

எல்லாம் மாட்டியபின் அலைன்மென்ட் கடைக்குப் போனேன், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற கோணம்) கொஞ்சம் விலகியிருந்தது, கேம்பர் குறிக்குள்தான் இருந்தது. இடது வலது உயர வித்தியாசம் 3 மில்லிமீட்டர். முன்பக்கத்திலிருந்து சத்தமே இல்லை.

சத்தம் வந்தது நான் பெருமையடித்துக்கொண்ட பின்பக்கத்திலிருந்துதான். மூன்றாம் நாள், வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் வலது பின்னால் ஒரு ‘கிர்ர்க்’. சனிக்கிழமை காலை மறுபடி தூக்கிப் பார்த்தால், ஸ்பிரிங்கின் கீழ் முனை ரப்பர் இருக்கையின் படியில் முட்டி நிற்காமல் இரண்டு விரல் தள்ளி உட்கார்ந்திருந்தது. பீமை இறக்கி, ஸ்பிரிங்கைக் கையால் திருப்பி, முனையைப் படியில் சேர்த்து மேலே ஏற்றினேன். இந்தத் தடவை 17 நம்பர் சாக்கெட் சட்டைப் பையிலேயே இருந்ததால் 40 நிமிஷம்தான் ஆனது.