டோங்காட் வீட்ல 5000 லிட்டர் ஜோஜோ டேங்க்: தாராளமா வாங்கலாம், ஆனா பைப் வேலைய முதல்ல பாருங்க

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் இருக்கிற நம்மாளுங்க நிறைய பேரு மழைத்தண்ணி டேங்க் வாங்கலாமான்னு கேட்டுட்டே இருக்காங்க, அதனால விவரமாவே எழுதிடுறேன். டர்பனுக்கு வடக்கால இருக்கிற டோங்காட்ல எங்க வீடு, அங்க இருக்கிறது ஜோஜோ கம்பெனியோட பச்சை கலர் 5000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். டேங்க் அருமையான டேங்க், அதுல சந்தேகமே வேணாம். ஆனா கையில இருக்கிற மொத்த காசையும் டேங்க்லயே போட்டுட்டு, கூரையிலேர்ந்து தண்ணி இறங்கி வர்ற வழிய ஏனோதானோன்னு விட்டீங்கன்னா பாதி பலன்கூட கிடைக்காது.

ஏன் டேங்க்குன்னு டோங்காட்ல இருக்கிறவங்களுக்கு சொல்லவே வேணாம், வெளியூர்காரங்களுக்காக சொல்றேன். 2022 ஏப்ரல்ல இங்க சில இடத்துல ஒரே நாள்ல 300 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டிச்சு, எங்க மாகாணம் குவாசுலு நேட்டால்ல 400 பேருக்கு மேல செத்துப்போனாங்க, அதே வெள்ளத்துல எங்க ஊரு தண்ணி சுத்திகரிப்பு நிலையமும் நாசமாச்சு, அப்புறம் மாசக்கணக்கா குழாய் தொறந்தா காத்துதான் வந்துச்சு. தண்ணி லாரி எப்ப வரும்னு தெரியாம வயசான ஆயா தாத்தாவெல்லாம் பக்கெட்ட வச்சுக்கிட்டு ரோட்டோரம் நின்னாங்க. அந்த மாசங்கள்லயும் மழை பெய்யத்தான் செஞ்சுது, அத்தனையும் நம்ம தலைக்கு மேலயே இறங்கி கூரை வழியா ரோட்டுக்கு ஓடிருச்சு. அத நினைச்சா இப்பவும் எனக்கு மனசு ஆறல.

கணக்கு ரொம்ப சுலபம். ஒரு சதுர மீட்டர் கூரையில ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தா ஒரு லிட்டர் தண்ணி. எங்க வீட்டு கூரையில ஒரு பக்கத்த மட்டும்தான் டேங்க்கோட சேர்த்திருக்கோம், அது சுமார் 60 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழைன்னா 1200 லிட்டர், சிந்துறது தெறிக்கிறது போக 1000 லிட்டர்னு வச்சுக்கலாம். டர்பன்ல வருஷத்துக்கு சுமார் 1000 மில்லிமீட்டர் மழை, அதுல பெரும்பங்கு அக்டோபர்லேர்ந்து மார்ச்சுக்குள்ள வந்துரும். அந்த மாசங்கள்ல டேங்க் நிரம்பி நிரம்பி வழியும். ஜூன் ஜூலை ஆகஸ்ட்தான் இங்க குளிர்காலம், அப்ப மழை ரொம்ப கம்மி, பாத்து பாத்து செலவு பண்ணணும். புரட்டாசி விரதத்துக்கு வீட்ட கழுவி, பித்தளை விளக்கு பாத்திரமெல்லாம் தேச்சு எடுக்கிற நேரம் டேங்க் அடிமட்டத்துல நிக்கும், அதுக்குன்னு குளிர்காலத்துலயே கொஞ்சம் மிச்சம் பிடிச்சு வைங்க. குழாய்த் தண்ணியே வேணாம்னு கடைக்காரர் யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, எங்க ஊரு மழைக்கு 5000 லிட்டர் டேங்க்க வச்சு அது நடக்காது.

இப்ப முக்கியமான விஷயம், சாம்பல். நம்மள சுத்தி கரும்புத் தோட்டம், அறுவடைக்கு முன்னாடி தீ வைக்கிறாங்க, கறுப்புத் தூசி பறந்து வந்து துணி, வராந்தா, கூரைன்னு எல்லாத்துலயும் படியுது. அதோட ஹடீடா பறவைங்க கூரை உச்சியில உக்காந்து அதுங்க வேலைய பாக்கும், மைனா வேற, குரங்கு வேற. ரொம்ப நாள் கழிச்சு வர்ற முதல் மழை இத எல்லாம் வழிச்சு எடுத்துட்டு நேரா டேங்க்குக்குள்ளதான் வரும். அதனால ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் கண்டிப்பா போடணும். மழை ஆரம்பத்துல வர்ற அழுக்குத் தண்ணி தனியா ஒரு செங்குத்து பைப்புல போய் நிக்கும், அது நிரம்பினதும் உள்ள இருக்கிற பந்து மேல வந்து வாய அடைச்சிரும், அதுக்கப்புறம் வர்ற தண்ணிதான் டேங்க்குக்கு போகும். ஒரு சதுர மீட்டர் கூரைக்கு அரை லிட்டர்லேர்ந்து ஒரு லிட்டர் வரைக்கும் வெளிய தள்ளணும், அப்போ எங்களுக்கு 30லேர்ந்து 60 லிட்டர். தோட்டத்த தீ வைக்கிற சீசன்ல நாங்க 60 பக்கம்தான் வச்சிருக்கோம். மழை நின்னதும் கீழ மூடிய கழட்டி அந்த பைப்ப காலி பண்ணிருங்க, இல்லன்னா அடுத்த மழைக்கு அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

டேங்க்க பத்தி சொல்லணும்னா, உள்பக்கம் கறுப்பா இருக்கு, வெளிச்சம் போகாது, அதனால பாசி பிடிக்கல. வாய்ல கொசு வலை இருக்கணும், ஓவர்ஃப்ளோ வாய்லயும் இருக்கணும், நிறைய பேரு இத மறந்துடுறாங்க. விட்டம் ஆறடி வரும், சின்ன யார்டா இருந்தா டேப் வச்சு அளந்துட்டு ஆர்டர் பண்ணுங்க. நிரம்பினா அஞ்சு டன் வெயிட், அதுக்கு ஏத்த சமமான கான்கிரீட் தளம் வேணும். பக்கத்து வீட்ல வேலைக்கு வந்த ஆளு மண்ண சரியா கெட்டிப்படுத்தாம டேங்க்க மேல தூக்கி வச்சுட்டு போயிட்டாரு, ஒரு பெரிய மழையில டேங்க் சாஞ்சு நின்னுச்சு, பாத்தவங்களுக்கெல்லாம் பயம். நம்ம வீடுங்க பாதி சரிவுலதான இருக்கு, ஓவர்ஃப்ளோ தண்ணி அஸ்திவாரத்து பக்கம் போகாத மாதிரி பைப் போட்டு தள்ளி விடுங்க. எங்களுது வாழைக்கு போகுது.

பம்ப் இல்லாம வெறும் உயரத்த நம்பினா பிரஷர் பத்தாது, வாளிக்கும் தோட்டத்துக்கும் சரி, வாஷிங் மெஷினுக்கு பம்ப் வேணும், கரண்ட் போனா பம்ப்பும் நின்னுரும், அதனால கீழ ஒரு சாதாரண குழாயும் வச்சுக்கோங்க. குழாய்த் தண்ணி லைனோட டேங்க்க நேரடியா சேர்க்கவே கூடாது, டேங்க் தண்ணி திரும்பி மெயின் லைனுக்குள்ள போனா தெருவுக்கே ஆபத்து. குடிக்கவும் சமைக்கவும் நாங்க இத எடுக்கல. வேற வழியே இல்லாத நேரத்துல எடுத்தா ஃபில்டர் பண்ணி நல்லா கொதிக்க வச்சுத்தான். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுன்னா குடிக்கிற பேச்சே வேணாம். டாய்லெட், துணி, கருவேப்பிலை, முருங்கை, மிளகாச் செடி, இதுக்கெல்லாம் தாராளம். துணிக்கு சோப்பு நல்லா நுரைக்குது.

லைசென்ஸ் வேணுமான்னு ஒரு தம்பி கேட்டாரு. 1998 தேசிய தண்ணீர் சட்டத்துலயே கூரைத் தண்ணிய வீட்டு உபயோகத்துக்கு சேர்த்து வைக்க லைசென்ஸ் வேணாம்னு இருக்கு. அவ்ளோ பெரிய உரிமை கையில இருக்கு, நாம பயன்படுத்தாம கிடக்கோம். தண்ணி வீணாகிறத பத்தி அரசாங்கம் 2023ல வெளியிட்ட நோ டிராப் அறிக்கைப்படி இந்த நாட்டு நகராட்சிங்க குழாய்ல அனுப்புற தண்ணியில 47 சதவீதம் வருமானக் கணக்குக்கே வரல, அதுல பெரும்பங்கு ஒழுகியே போகுது. குழாய உடனே மாத்துற சக்தி நமக்கு இல்ல, கூரை நம்ம கையிலதான இருக்கு. 2018 வறட்சியில கேப் டவுன்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்னு கட்டுப்பாடு வந்துச்சே, அந்த கணக்குல பாத்தா ஒரு நிரம்பின டேங்க் நாலு பேர் வீட்டுக்கு 25 நாள் தாங்கும்.

என் மார்க் அஞ்சுக்கு நாலரை. அரை மார்க் குறைச்சது எதுக்குன்னா டேங்க்குக்கு அப்புறம் கட்டர் (கூரை ஓரத்துல தண்ணிய பிடிக்கிற வாய்க்கால்), ஃபர்ஸ்ட் ஃப்ளஷ், தளம், பம்ப்னு ஒவ்வொண்ணா செலவு வருது, மொத்த செலவ முதல்லயே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. வாடகை வீடா இருந்தா 5000 வேணாம், சுவத்தோட ஒட்டி நிக்கிற ஒல்லி டேங்க் ஒண்ணு வாங்கி டவுன்பைப்புக்கு கீழ வைங்க, வீடு மாறும்போது கையோட எடுத்துட்டு போயிரலாம்.